ஒரு ஸ்லாட், மூன்று விரல்கள்

1

இன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் என் கணவர் செந்திலின் போனை வாங்கி, அதில் வந்துகொண்டிருந்த என் மின்னஞ்சலை நிறுத்தினேன். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் தோழி தீபாவின் போனிலும் அதையே செய்தேன்.

“ஏன்க்கா, எங்க மேல நம்பிக்கை போயிடுச்சா?” என்றாள் தீபா.

“ஆமா” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அது உண்மைதான்.

நேற்று இந்த வருடத்துக்கான ரெசிடென்ஸி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். மறுபடியும். “மறுபடியுமா?” என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வருடம் இதே பருவத்தில் எனக்கு வந்த ஒரே ஒரு நேர்காணல், எங்கள் மூன்று பேர் கையில் சிக்கி என்ன பாடுபட்டது என்று ஊரில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும். அமெரிக்காவுக்குப் போன டாக்டர் என்றால் விமானத்தை விட்டு இறங்கியதும் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்று என்னுடன் படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2

நான் கோயம்புத்தூரில் படித்து, அந்தியூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள். அங்கே எனக்கு டாக்டரம்மா என்று பெயர். டெக்சாஸில் இர்விங் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பெயர் ‘டிபெண்டன்ட்’. கணவரின் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள் என்று பொருள். வேலை பார்க்க அனுமதி இல்லாமல் பல வருடங்கள் போயின. அனுமதி கிடைத்ததும் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மெடிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். எடை பார்ப்பது, உயரம் அளப்பது, காய்ச்சல் பார்ப்பது, பிறகு கதவைச் சாத்திவிட்டு “டாக்டர் இப்போது வருவார்” என்று சொல்வது. அந்தக் கடைசி வாக்கியத்தை நாள் முழுதும் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

வெளிநாட்டில் எத்தனை வருடம் வைத்தியம் பார்த்திருந்தாலும் சரி, இங்கே டாக்டராக வேண்டுமென்றால் தேர்வுகளை எழுதி, ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடியும் பயிற்சி டாக்டராகச் சேர வேண்டும். அதுதான் ரெசிடென்ஸி. செப்டம்பரில் நாடு முழுக்க விண்ணப்பம் போட வேண்டும். பிடித்திருந்தால் அவர்கள் நேர்காணலுக்கு அழைப்பார்கள். குளிர்காலம் முழுக்க நேர்காணல் நடக்கும். பிறகு நாம் அவர்களை வரிசைப்படுத்த வேண்டும், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துவார்கள். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து பொருத்தம் பார்த்து மார்ச்சில் சொல்லும். பத்துப் பொருத்தமும் இருந்தாலும், நேர்காணல் என்ற பெண் பார்க்கும் படலம் நடக்காவிட்டால் கல்யாணம் இல்லை.

எனக்குத் தேர்வு மதிப்பெண்ணில் குறையில்லை. குறை, நான் பட்டம் வாங்கிய வருடத்தில் இருந்தது. பல இடங்களில் பழைய வருடத்துக்காரர்களின் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. சல்லடையில் முதல் ஆட்டத்திலேயே கீழே விழுந்துவிடுவோம்.

3

இன்னொரு சிக்கல், நேர்காணல் அழைப்பு வரும் விதம். மின்னஞ்சலில் ஒரு லிங்க் வரும். அழுத்தினால் ஒரு காலண்டர் திறக்கும், பச்சை நிறத்தில் நேரங்கள் காட்டும். முதலில் அழுத்துபவருக்கு முதலில் கிடைக்கும். கொஞ்சம் அசந்தால் பச்சை எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். நானோ மருத்துவமனையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதைக் கேட்டதும் செந்திலின் முகம் மலர்ந்தது. “அட, இது நம்ம தட்கல் மேட்டர்!”

செந்தில் இப்போது எங்கள் ஊரின் லாஸ் கொலினாஸ் பகுதியில் ஓர் ஆபீஸில் புராஜெக்ட் மேனேஜர். ஆனால் அவருடைய பொற்காலம் பெங்களூரில் ஐந்து பசங்களோடு ஒரே வீட்டில் இருந்த காலம்தான். தீபாவளிக்கு ஈரோட்டுக்கு டிக்கெட் போட, தட்கல் திறக்கும் நேரத்தில் ஐந்து பேரும் ஐந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்களாம். எவனுக்குக் கிடைக்கிறதோ அவன் கத்துவான், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். “ஒரு தீபாவளிக்குக்கூட எங்க டீம் வெயிட்டிங் லிஸ்ட்ல போனதில்ல” என்பதை எங்கள் கல்யாணம் ஆன புதிதிலிருந்து கேட்டு வருகிறேன்.

அதே வியூகம் இங்கேயும் வகுக்கப்பட்டது. என் மின்னஞ்சல் மூன்று போன்களுக்கும் வரும். ஆபீஸில் செந்தில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தீபா, லாக்கர் அறையில் நான். யார் முதலில் பார்க்கிறோமோ அவர் அழுத்திவிட்டு எங்கள் மூவர் குரூப்பில் சொல்ல வேண்டும். தீபா மயிலாப்பூர்ப் பெண். அவளுக்கும் தட்கல் அனுபவம் உண்டு. “கவலையே படாதீங்கக்கா, கண்கொத்திப் பாம்பு மாதிரி இருப்பேன்” என்றாள். எங்கள் மகள் நிலா, பதின்மூன்று வயது, சோபாவில் படுத்தபடியே, “வொய் டு யூ நீட் திரீ பீப்புள் டு கிளிக் ஒன் திங்?” என்று கேட்டாள். ஒரு பொத்தானை அழுத்த எதற்கு மூன்று பேர் என்கிறாள். அவளுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டோம்.

4

அழைப்பு வந்தது. மேற்கு டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரி. குடும்ப மருத்துவம். நான் ஒரு கைக்குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பார்த்தது தீபா. அழுத்தினாள். நவம்பரில் ஓர் அருமையான நேரம் கிடைத்தது. “போட்டாச்சுக்கா!!!” என்று குரூப்பில் போட்டாள்.

செந்தில் மீட்டிங்கில் இருந்தார். மேஜைக்கடியில் போனைப் பார்த்தவருக்கு மின்னஞ்சல் கண்ணில் பட்டது, குரூப் படவில்லை. லிங்க்கைத் திறந்தார். தயார் செய்ய அவகாசம் இருக்கட்டும் என்று டிசம்பரில் ஒரு நேரத்தை அழுத்தினார். ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. ஆமாம் என்றார். ஏற்கெனவே எடுத்த நேரத்தை விட்டுவிட்டு இதற்கு மாறிக்கொள்ளலாமா என்பதுதான் அந்தக் கேள்வி. ரயிலில் ஐந்து பேர் அழுத்தினால் ஐந்து டிக்கெட். இங்கே எத்தனை பேர் அழுத்தினாலும் சீட் ஒன்றுதான், கடைசியாக அழுத்தியவர் சொல்வதுதான் சட்டம்.

பிறகு நான் லாக்கரைத் திறந்தேன். மின்னஞ்சல் வந்திருந்தது. குரூப்பையெல்லாம் யார் பார்த்தார்கள்? லிங்க்கைத் திறந்தால் காலண்டர் முழுக்கச் சாம்பல். கீழே ‘காத்திருப்போர் பட்டியல்’ என்று ஒரே ஒரு பொத்தான். ஐயோ, இவர்கள் இருவரும் கோட்டை விட்டுவிட்டார்களே என்று அதை அழுத்தினேன். ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. நானும் ஆமாம் என்றேன்.

கையில் இருந்த டிசம்பர் நேரத்தை நானே தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டு, வெயிட்டிங் லிஸ்ட்டில் போய் நின்றேன்.

5

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்ததை விரிவாக எழுதினால் செந்திலின் உறவினர்கள் வருத்தப்படுவார்கள்.

“மீட்டிங்ல இருந்தா மீட்டிங்ல இருக்கோணும். மேஜைக்கடில என்னுங்க வேலை உங்களுக்கு?”

“நான் டிசம்பராச்சும் வாங்கி வெச்சேன். நீ எதுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ட அமுக்குன?”

“பெட்டில என்ன கேட்டுதுன்னு படிச்சீங்களா?”

“நீ படிச்சியா?”

நிலா அறையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். “யூ ஹாட் இட், அம்மா. யூ கேவ் இட் அவே.” கையில் இருந்ததை நீயே கொடுத்துவிட்டாய் என்று இவ்வளவு சுலபமாக ஆங்கிலத்தில் சொல்லிவிட முடிகிறது. தீபா வாசலில் நின்றபடி அழுதாள். அவளை நான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் கோயிலுக்குப் போனபோது, தெரிந்த அங்கிள் ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். செந்தில்தான் சொல்லியிருப்பார். “எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. இந்த வயசுல நைட் டியூட்டி எல்லாம் உன்னால முடியுமா? செந்தில் நல்லா செட்டில் ஆயிட்டாரு. நீ தமிழ் ஸ்கூல்ல வாலன்டியர் பண்ணலாமே, எவ்வளவு ரிவார்டிங் தெரியுமா!”

“அங்கிள், நீங்க எந்த வயசுல உங்க கம்பெனிய ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டேன்.

“அது வேற மா.”

நான் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கார் ஓட்டும்போது எனக்கு வந்த கோபத்தில் ஃப்ரீவேயில் வீட்டுக்குத் திரும்பும் எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டேன். தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது நல்ல காரியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து எழுதத் தெரிந்தவளைக் கூப்பிட்டு, உயிரெழுத்து சொல்லிக்கொடுத்துவிட்டுத் திருப்தியாக இரு என்று சொல்ல இவர் யார்?

6

எங்கள் மாதிரி வெளிநாட்டு டாக்டர்களுக்கு ஒரு பெரிய குரூப் இருக்கிறது. அதில் ஒரு வேதவாக்கு உண்டு: ஆஸ்பத்திரிக்குப் போன் மட்டும் பண்ணிவிடாதே. நேர்காணல்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு எரிச்சல் வந்தால் உன் பெயரை அடித்துவிடுவார்கள். பணிவாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திரு.

செந்தில் அந்தப் பணிவான மின்னஞ்சலை எழுதியே கொடுத்தார். ‘ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கியது. என்ன கோளாறு? கோளாறு நாங்கள்தான்.

அந்தியூரில் இருந்தபோது பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்காக ஈரோட்டுக்கு ரத்தம் கேட்டுப் போன் செய்தது நினைவுக்கு வந்தது. மறுமுனையில் இருந்தவர், “லெட்டர் போட்டு அனுப்புங்கம்மா” என்றார். “லெட்டர் வர்ற வரைக்கும் இந்தம்மா இருக்காதுங்க. நான் லைன்லயே இருக்கறன், நீங்க யாரைக் கேக்கோணுமோ கேட்டுட்டு வாங்க” என்றேன். போனை வைக்கவே இல்லை. ரத்தம் வந்தது. அந்த வேலையில் மருந்து கொடுத்ததில் பாதி நேரம், கேட்டு வாங்கியதில் பாதி நேரம். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் அங்கே வைத்தியம் பார்க்க முடியாது. அப்படி இருந்தவள் இங்கே வந்து ஒரு போன் செய்ய ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்?

மறுநாள் மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து அழைத்தேன். எடுத்த ஒருங்கிணைப்பாளரின் பெயர் டெனிஸ். குரல் தடித்த, நிதானமான, டெக்சாஸ் குரல். நான் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் மூன்று பேர், மூன்று போன், மூன்று முறை அழுத்தினோம் என்றேன். எங்கள் ஊரில் ரயில் டிக்கெட் இப்படித்தான் எடுப்போம், அந்தப் பழக்கத்தில் கிடைத்த நேரத்தை நாங்களே விட்டுவிட்டோம், தவறு எங்களுடையது, ஆனால் எனக்கு அந்த நேர்காணல் வேண்டும் என்றேன்.

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. சரி, பெயரை அடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

“ரயிலா?” என்றார்.

“ரயில்தான்.”

அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நேரம் ஏன் திரும்ப வந்து விழுந்தது என்று அன்று முழுக்க அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாராம். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. யாராவது விலகினால் கூப்பிடுகிறேன் என்றார். “ஆனால் நீங்கள்தான் எடுக்க வேண்டும், ஹனி. உங்கள் கமிட்டி இல்லை.”

7

அன்றிலிருந்து என் போன் லாக்கருக்குள் போகவில்லை. மேனேஜரிடம் நேரே போய்ச் சொன்னேன்: சட்டைப் பையில் வைத்திருப்பேன், ஒரே ஓர் அழைப்புக்காக, அது வந்தால் எடுப்பேன். அவர் விதியைச் சொன்னார். நான் பத்து வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டின் எல்லா விதிகளையும் கடைப்பிடித்துத்தான் உங்கள் மருத்துவமனையில் எடை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் அதிகப்படிதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சத்தம் மட்டும் வராமல் வைத்துக்கொள் என்றார்.

அழைப்பு வந்தபோது நிலாவை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தேன். காரை ஒரு பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டினேன். ஒருவர் விலகிவிட்டாராம். வரும் வியாழக்கிழமை காலை, வீடியோவில், சம்மதமா?

“சம்மதம்” என்றேன். யாரையும் கேட்கவில்லை. வைத்த பிறகுதான் நினைவு வந்தது, வியாழக்கிழமை காலை என் மாமியார் கோபியிலிருந்து வந்து இறங்குகிறார்.

இதன் தீவிரம் தமிழர்களுக்குத்தான் புரியும். முதல் முறையாக அமெரிக்கா வரும் மாமியாரை அழைக்க மருமகள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அது எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். விஷயத்தைச் சொன்னதும் செந்தில் வாயைத் திறந்தார். “நேரத்தை மாத்திக் கேட்டுப் பாக்கலாமா?” என்று கேட்கத்தான் திறந்தார், எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

8

எங்கள் அபார்ட்மென்ட் சின்னது. நான் கூடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பேசினால் வீட்டுக்குள் யாரும் நுழைய முடியாது. கதவில் ‘உள்ளே வராதே’ என்று நிலா எழுதி ஒட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

மூன்று டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி கேட்டார்கள். கடைசியாகப் பேசியவர் என்னைவிட வயதில் சிறியவர். சுற்றி வளைக்காமல் கேட்டார். இத்தனை வருட இடைவெளி இருக்கிறதே, உங்களைவிட இளையவர்கள் உங்களுக்கு உத்தரவு போடுவார்கள், உங்களால் தாங்க முடியுமா?

இதற்குக் குரூப்பில் ஒரு மாதிரி விடை இருந்தது. அதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், படித்து முடித்து வந்த சின்னப் பெண் ஒருத்தி, குழந்தையை மறுபடியும் எடை பார் என்பாள். நான் பார்த்த எடை சரிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடியும் பார்ப்பேன். அதனால் நான் குறைந்துவிடவில்லை. இடைவெளி என்கிறீர்கள். அதில் ஒரு நாள்கூட நான் சும்மா இருக்கவில்லை. அனுமதி இல்லாமல் இருந்தேன், அது வேறு.”

அவர் எதையோ குறித்துக்கொண்டார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் நின்றது. உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் என் மாமியார். வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. செந்தில் வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, “மன்னிச்சுக்குங்க அத்தை” என்றேன்.

“முடிஞ்சுதா கண்ணு? நல்லாச் சொன்னியா?”

“சொன்னனுங்க.”

“அப்ப நகுரு. நான் பாத்ரூம் போகோணும்.”

9

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. பொருத்தம் இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய், நாள் முழுதும் “டாக்டர் இப்போது வருவார்” என்று சொன்னேன்.

அதன் பிறகு எல்லாரும் என்னிடம் “நல்லா ட்ரை பண்ணீங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். துக்கம் விசாரிக்கும் குரலில். அந்த இறந்தகாலம்தான் எனக்கு ஆகவில்லை. நான் இன்னும் ட்ரை பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று அனுப்பிய விண்ணப்பத்தில் பட்டம் வாங்கிய வருடம் இன்னும் ஒரு வருடம் பழையதாகிவிட்டது. ஆகட்டும். சல்லடையை ஆட்டுபவர்கள் ஆட்டட்டும், என்னைக் கீழே தள்ளுவது அவர்கள் வேலை. அவர்கள் சிரமப்படக் கூடாதே என்று நானே போய்க் கீழே விழ மாட்டேன்.

10

மேலே இருப்பதை எழுதி வைத்துச் சில வாரங்கள் ஆகிவிட்டன. கடைசியில் இதைச் சேர்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை.

இன்று எனக்கு விடுமுறை. சாயங்காலம் சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. அதே மேற்கு டெக்சாஸ் ஆஸ்பத்திரி. எல்லாருக்கும் போகிற வழக்கமான அழைப்புதான். ஆனால் அதன் அடியில் தனியாக ஒரு வரி இருந்தது: ‘இந்த முறை ஒருவர் அழுத்தினால் போதும். டெனிஸ்.’

நான் கத்திய கத்தலில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த செந்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தொடல. பாரு, கை பின்னாடி இருக்குது.”

பள்ளி விட்டு வந்திருந்த நிலா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அம்மா, ஃபர்ஸ்ட் ஒன். ஜஸ்ட் டேக் இட்!”

முதலில் இருந்ததை நான் எடுக்கவில்லை. நிதானமாகப் பார்த்து எனக்கு வசதியான ஒரு செவ்வாய்க்கிழமையை அழுத்தினேன். அன்று எனக்கு வேலை இருக்கிறது. லீவு கேட்டுக்கொள்ளத் தெரியும்.

ஒரு பெட்டி வந்தது. உறுதிதானா என்று கேட்டது. கடுகு கருகிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கேள்வியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தேன். படித்துவிட்டு, ஆமாம் என்றேன்.